பச்சை மேஜையில் ஒரு சூறாவளி



ஆண்டு மலரில் வாழ்க்கை வரலாறு என்றாலே விஞ்ஞானி, தலைவர், கவிஞர் என்றுதான் வரும். நாமும் படத்தைப் பார்த்துவிட்டு ஜோக்ஸ் பக்கத்துக்குப் போய்விடுவோம். உண்மையைச் சொல்வதில் என்ன வெட்கம்? அதனால் இந்த முறை கொஞ்சம் மாற்றி ஒரு விளையாட்டுக்காரரின் கதை. ஏழைத் தெருவில் பிறந்து, பள்ளிக்கு மட்டம் போட்டு, கையில் ஒரு கோலோடு கிளம்பி, 22 வயதில் உலக சாம்பியன் ஆனவர். அதன் பிறகு பெற்றதையெல்லாம் அதே கையால் தட்டிவிட்டவர். பெயர் அலெக்ஸ் ஹிக்கின்ஸ். ஊர் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட். ஆட்டம் ஸ்னூக்கர்.

ஸ்னூக்கரா? அது பெரிய பெரிய கிளப்பில் பணக்காரங்க ஆடுறதாச்சே, நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். சம்பந்தம் இருக்கிறது. அந்த ஆட்டம் பிறந்ததே நம் நாட்டில்தான்! 1875-ல் ஜபல்பூரில், பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளின் மெஸ்ஸில், நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி (பின்னாளில் இங்கிலாந்து பிரதமரான சேம்பர்லின் வேறு ஆள்) பழைய பில்லியர்ட்ஸ் ஆட்டத்தில் கூடுதலாகக் கலர் பந்துகளைச் சேர்த்து ஆடிப் பார்த்தார். பிறகு அவர் நம்ம ஊட்டிக்கு வந்து சேர்ந்தார். 1880-களில் இந்த ஆட்டத்தின் விதிமுறைகள் எழுதி மாட்டப்பட்டது ஊட்டி கிளப் சுவரில்தான்.

பெயர் வந்த கதை இன்னும் ருசி. லண்டன் பக்கம் வூல்விச் ராணுவக் கல்லூரியில் முதலாமாண்டு மாணவனைக் கேலியாக ஸ்னூக்கர் என்று கூப்பிடுவார்களாம். ஜபல்பூரில் ஒருத்தர் சுலபமான பந்தைக் கோட்டை விட, சேம்பர்லின் அவரை அந்தப் பெயரால் அழைத்தார். அப்புறம், இந்தப் புது ஆட்டத்துக்கு நாம எல்லோருமே ஃபர்ஸ்ட் இயர் பசங்கதானே என்று சமாதானம் சொல்ல, பெயர் ஆட்டத்துக்கே ஒட்டிக்கொண்டது. ஆகவே முதலாமாண்டு தம்பிகளே, உங்கள் பெயரில் உலகம் முழுக்க ஒரு ஆட்டமே நடக்கிறது. நெஞ்சை நிமிர்த்தி நடங்கள்!

ஆட்டம் புரிய ஒரு நிமிஷம்

கேரம் தெரிந்தவர்களுக்கு ஸ்னூக்கர் புரிய ஒரு நிமிஷம் போதும். 12 அடி நீளம், 6 அடி அகலத்துக்குப் பச்சைத் துணி விரித்த மேஜை. ஆறு குழி. 15 சிவப்புப் பந்து, ஒவ்வொன்றுக்கும் 1 புள்ளி. மஞ்சள் 2, பச்சை 3, பழுப்பு 4, நீலம் 5, இளஞ்சிவப்பு 6, கறுப்பு 7. வெள்ளைப் பந்துதான் நம்ம ஸ்ட்ரைக்கர். அதைக் கியூ என்ற கோலால் குத்தி மற்றப் பந்தைக் குழியில் போட வேண்டும். ஒரு சிவப்பு, ஒரு கலர், மறுபடி ஒரு சிவப்பு, ஒரு கலர் என்று மாறி மாறிப் போட வேண்டும். சிவப்பு தீரும் வரை கலர் பந்தை எடுத்து மறுபடி மேஜையில் வைத்துவிடுவார்கள். சிவப்பு தீர்ந்ததும் கலர்களை வரிசையாகப் போட்டு முடிக்க வேண்டும். இப்படி ஒரு சுற்று முடிந்தால் ஒரு ஃபிரேம். ஒவ்வொரு சிவப்புக்கும் கறுப்பையே போட்டுக்கொண்டு போனால் மொத்தம் 147.

ஒரே ஒரு வித்தியாசத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதைக்கே அதுதான் சாவி. கேரமில் ஒவ்வொரு அடிக்கும் ஸ்ட்ரைக்கரைக் கையில் எடுத்து நம் கோட்டில் நமக்கு வசதியாக வைத்துக்கொள்ளலாம். ஸ்னூக்கரில் அது கிடையாது. வெள்ளைப் பந்து போய் எங்கே நிற்கிறதோ, அங்கிருந்தேதான் அடுத்த அடி. பந்தைக் குழியில் போடுவது பாதி வேலை. போட்ட பிறகு வெள்ளையை நல்ல இடத்தில் நிறுத்துவது மீதி வேலை. பெரிய ஆட்டக்காரர்கள் எல்லோரும் இந்த மீதி வேலையில்தான் கெட்டிக்காரர்கள். கஷ்டமான அடியே அவர்களுக்கு வராது, வர விடமாட்டார்கள்.

ஹிக்கின்ஸ் அந்த ரகம் இல்லை.

ஜாம்பாட் பையன்

1949 மார்ச் 18-ல் பெல்ஃபாஸ்டில் பிறந்தான் அலெக்ஸ். அப்பா ரயில்வேயில் கூலி வேலை. மூன்று பெண்கள் உள்ள வீட்டில் ஒரே பையன். வீட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் ஜாம்பாட் என்று ஒரு பில்லியர்ட்ஸ் ஹால். பத்துப் பதினோரு வயதிலேயே பள்ளிக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு அங்கே போய் நிற்பான். பெரியவர்கள் காசு வைத்து ஆடும் இடம் அது. ஆடத் தெரியாதவன் பாக்கெட் காலியாகித்தான் வெளியே வர வேண்டும். அங்கே அவனுக்கு வாத்தியாரும் இல்லை, பாடப்புத்தகமும் இல்லை. தோற்றால் பட்டினி, ஜெயித்தால் சாக்லேட். இந்த ஒரு பாடத்தை மட்டும் நன்றாகப் படித்தான்.

ஆனால் பையனின் ஆசை அப்போது ஸ்னூக்கர் இல்லை, குதிரை! ஜாக்கி ஆக வேண்டும் என்று 15 வயது வாக்கில் கடல் தாண்டி இங்கிலாந்து போய், பெர்க்‌ஷயரில் ஒரு குதிரை லாயத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தான். ஜாக்கிக்கு எடை குறைவாக இருக்க வேண்டும். இவனோ சாப்பாட்டிலும் பீரிலும் குறை வைக்கவில்லை. எடை ஏறியது, கனவு இறங்கியது. ஒரு பந்தயத்தில்கூட ஓட்டாமல் ஊர் திரும்பினான்.

திரும்பியவன் பழையபடி கியூவை எடுத்தான். 1968-ல் வட அயர்லாந்து அமெச்சூர் பட்டத்தையும், முழு அயர்லாந்து அமெச்சூர் பட்டத்தையும் தட்டிக்கொண்டு வந்தான். அப்போது வயது பதினெட்டு, பத்தொன்பதுதான். நம் செட்டில் மூன்றாமாண்டு படிப்பவன் வயதுதான்.

கதவு மூடிய கிளப்

அந்தக் காலத்துத் தொழில்முறை ஸ்னூக்கர் எப்படி இருந்தது தெரியுமா? ஏறக்குறைய செத்துப்போயிருந்தது. 1927-லிருந்து 1946 வரை உலகப் பட்டத்தை 15 முறை வென்ற ஜோ டேவிஸ் விலகிய பிறகு கூட்டம் குறைந்தது. 1958-லிருந்து 1963 வரை உலகப் போட்டியே நடக்கவில்லை. இருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். அவர்களும் வெய்ஸ்ட்கோட், போ டை கட்டி, நிதானமாக, சத்தமில்லாமல் ஆடும் கனவான்கள். வெளியாள் உள்ளே நுழைவது லேசுப்பட்ட காரியம் இல்லை.

1969-ல் இரண்டு மாற்றம் வந்தது. ஒன்று, உலகப் போட்டி மறுபடி நாக்-அவுட் முறைக்கு வந்தது. இரண்டு, கலர் டி.வி. பிரிட்டனின் பி.பி.சி. புதிதாகக் கலர் ஒளிபரப்பு ஆரம்பித்திருந்த நேரம். கலரைக் காட்டுவதற்கு அதிகம் செலவில்லாத நிகழ்ச்சி வேண்டும். எட்டு நிறப் பந்து, பச்சை மேஜை, ஒரே ஹால். இதைவிட வேறென்ன? பாட் பிளாக் என்ற ஸ்னூக்கர் நிகழ்ச்சி பிறந்தது. எலெக்ட்ரானிக்ஸ் பிரிவு நண்பர்கள் காலரைத் தூக்கிவிட்டுக் கொள்ளலாம். ஒரு விளையாட்டைப் பிழைக்க வைத்தது ஒரு பிக்சர் டியூப்!

மேஜை தயார், கேமரா தயார். இனி ஒரு ஆள் வேண்டும். 1971-ல் ஹிக்கின்ஸ் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார்.

அரிக்கேன் வந்தது

அவருக்கு வைத்த பட்டப்பெயர் ஹரிக்கேன். சூறாவளி என்று அர்த்தம். நமக்கு அரிக்கேன் என்றால் மண்ணெண்ணெய் விளக்குதான் ஞாபகம் வரும். வேடிக்கை என்னவென்றால் அதுவும் பொருந்துகிறது. காரணம், 1972 உலக இறுதிப் போட்டி கரண்ட் கட்டில் நடந்தது!

உலகப் போட்டிக்கு நேரடி இடம் அவருக்கு இல்லை. தகுதிச் சுற்றில் இரண்டு ஆட்டம் ஜெயித்துத்தான் உள்ளே வந்தார். அதாவது நம் பாஷையில் லேட்டரல் என்ட்ரி. முதலில் நீண்ட காலம் அயர்லாந்து சாம்பியனாக இருந்த ஜாக்கி ரியாவை 19–11 என்று முடித்தார். அடுத்து முன்னாள் உலக சாம்பியன் ஜான் புல்மேன், 31–23. அரையிறுதியில் ரெக்ஸ் வில்லியம்ஸ், 31–30. ஒரே ஒரு ஃபிரேம் வித்தியாசம். இறுதியில் எதிரே நின்றவர் நடப்பு சாம்பியன் ஜான் ஸ்பென்சர்.

இடம் ஒன்றும் அரங்கம் இல்லை. பர்மிங்காமில் முன்னாள் ராணுவத்தினருக்கான ஒரு கிளப். 1972 பிப்ரவரி. பிரிட்டன் முழுக்க நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம். நிலக்கரி இல்லாமல் மின் நிலையங்கள் திணற, ஊரெங்கும் மின்வெட்டு. ஜெனரேட்டர் வைத்து விளக்கெரித்து ஆட்டத்தை நடத்தினார்கள். ஆறு நாள் ஆட்டம். முடிவு ஹிக்கின்ஸ் 37, ஸ்பென்சர் 32.

தகுதிச் சுற்றிலிருந்து வந்து பட்டம் வென்ற முதல் ஆள் அவர்தான். அதுவரை அவ்வளவு சின்ன வயதில் யாரும் உலக சாம்பியன் ஆனதும் இல்லை. 23 முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது. அந்தச் சாதனையை 1990-ல்தான் ஸ்டீபன் ஹெண்ட்ரி 21 வயதில் முறியடித்தார். பரிசு எவ்வளவு? வெறும் 480 பவுண்ட்.

அவர் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் சீட்டில் உட்காரவில்லை. மற்றவர்கள் கணக்கு வாத்தியார் மாதிரி மேஜையைச் சுற்றிச் சுற்றி யோசிப்பார்கள். இவர் ஒரு பந்து குழிக்குள் விழுவதற்குள் அடுத்த பந்துக்கு நடக்க ஆரம்பித்துவிடுவார். கியூவைக் குத்தும்போது தலையும் உடம்பும் அசையக்கூடாது என்பது பாலபாடம். இவர் உடம்பே எம்பித் தூக்கும். பாடப்புத்தகப்படி பார்த்தால் ஃபெயில்! ஆனால் பந்து குழியில் விழுந்தது. கூட்டம் கூடியது. குடிசைப் பையனுக்கும் இந்த ஆட்டம் சொந்தம் என்று காட்டியது அவர்தான். டி.வி. பணம், பெரிய பரிசு, தெருவெங்கும் ஸ்னூக்கர் ஹால் எல்லாம் அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் வந்தவை.

பத்து வருஷக் காத்திருப்பு

முதல் முயற்சியிலேயே உலகப் பட்டம். இனி வருஷா வருஷம் இவர்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். நடக்கவில்லை. 1976 இறுதியில் ரே ரியர்டனிடம் 16–27 என்று தோற்றார். வேல்ஸ் நாட்டுக்காரரான ரியர்டன் நிதானத்தின் மறு உருவம். வெள்ளைப் பந்தை எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்துவார்.

1980 இறுதியில் கனடாவின் கிளிஃப் தோர்பர்னுக்கு எதிராக 9–5 என்று முன்னால் இருந்தார். பிறகு கூட்டத்தைக் குஷிப்படுத்தும் அடிகளில் இறங்கினார். தோர்பர்ன் கருங்கல் மாதிரி. அசையாமல் ஆடி 18–16 என்று கோப்பையைக் கொண்டு போனார். அந்த ஆட்டத்தின் நடுவில்தான் பி.பி.சி. திடீரென்று லண்டன் ஈரான் தூதரகத்துக்குள் கமாண்டோக்கள் புகுந்த காட்சிக்கு மாறியது. நேயர்களுக்கு ஒரே நாளில் இரண்டு த்ரில்.

இடையில் 1978, 1981 ஆண்டுகளில் மாஸ்டர்ஸ் பட்டம் இரண்டு முறை வந்தது. ஆனால் உலகப் பட்டம் கை நழுவிக்கொண்டே இருந்தது. குடியும் சூதாட்டமும் சண்டையும் ஒட்டிக்கொண்டன. போ டை கட்டமாட்டேன் என்று அடம்பிடித்து, கழுத்தில் தோல் அலர்ஜி என்று டாக்டர் சர்ட்டிஃபிகேட் கொண்டு வந்தார். அட்டெண்டன்ஸுக்கு மெடிக்கல் சர்ட்டிஃபிகேட் கொடுக்கும் நம்மவர்களுக்கு இது புதிதல்ல!

1982: அந்த 69

இனி சொல்லப்போவது இந்தக் கதையின் உச்சம். 1982 உலகப் போட்டி, ஷெஃபீல்டின் குரூசிபிள் தியேட்டர். அரையிறுதியில் எதிரே 20 வயது ஜிம்மி வைட். ஹிக்கின்ஸின் சின்ன வயது நகல் மாதிரி ஒரு பையன். 15–14 என்று வைட் முன்னிலை. இன்னும் ஒரு ஃபிரேம் எடுத்தால் வைட் இறுதிக்குப் போய்விடுவார். அந்த ஃபிரேமிலும் வைட் 59, ஹிக்கின்ஸ் பூஜ்யம். வைட் ஒரு பந்தைத் தவறவிட்டார்.

ஹிக்கின்ஸ் எழுந்தார். ஒரு தப்பு நடந்தால் ஊருக்கு டிக்கெட் வாங்க வேண்டியதுதான். அவர் போட்ட 69 புள்ளிகளை ஸ்னூக்கர் ரசிகர்கள் இன்றும் பேசுகிறார்கள். ஏன்? 69 ஒன்றும் பெரிய எண் இல்லை. விஷயம் வேறு. ஒவ்வொரு பந்தைப் போட்ட பிறகும் அவர் வெள்ளைப் பந்து தப்பான இடத்தில் போய் நின்றது. ஒவ்வொரு முறையும் முடிந்தது கதை என்று தோன்றும். ஒவ்வொரு முறையும் யாரும் நினைத்துப் பார்க்காத ஒரு அடியை அடித்து வெளியே வருவார். வெளியே வந்ததும் வெள்ளை மறுபடி தப்பான இடத்தில்! மற்றவர்கள் பாலத்தின் மேல் நடந்து ஆற்றைக் கடப்பார்கள். இவர் கல்லுக்குக் கல் தாவிக் கடந்தார். ஃபிரேம் அவருக்கு. அடுத்த ஃபிரேமும் அவருக்கு. 16–15.

இறுதியில் மறுபடி ரே ரியர்டன். 15–15 வரை சமம். பிறகு மூன்று ஃபிரேம் தொடர்ந்து ஹிக்கின்ஸ். கடைசி ஃபிரேமில் 135 புள்ளி போட்டு மேஜையைத் துடைத்து வைத்தார். 18–15. பத்து வருஷம் கழித்து இரண்டாவது உலகப் பட்டம். பரிசு 25,000 பவுண்ட். கோப்பையைக் கையில் வாங்கியவர் கண்ணீரோடு, மனைவியையும் கைக்குழந்தையையும் அருகில் வரச்சொல்லி அழைத்தார். குழந்தையை அணைத்தபடி அழுத அந்த முரட்டு மனிதனை டி.வி.யில் கோடிக்கணக்கானவர்கள் பார்த்தார்கள்.

இங்கே ஒரு சின்ன விஷயம், ஆனால் கவனியுங்கள். அந்த வெற்றியோடு 1982-83 சீசனுக்கு உலகத் தரவரிசையில் முதலிடம் அவருக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒழுங்கு நடவடிக்கையில் அவருடைய தரவரிசைப் புள்ளிகளை ஏற்கனவே வெட்டியிருந்தார்கள். உலகின் முதல் இடம், மேஜையில் சம்பாதித்தது, மேஜைக்கு வெளியே போயிற்று. வெள்ளைப் பந்தைத் தப்பான இடத்தில் விட்டதற்கு முதல் பில் இது.

ஏழுக்குப் பூஜ்யம்

1983, பிரெஸ்டன் நகரம், யு.கே. சாம்பியன்ஷிப் இறுதி. எதிரே ஸ்டீவ் டேவிஸ். அந்தப் பத்தாண்டின் முடிசூடா மன்னன். மெஷின் மாதிரி ஆடுபவர். முதல் கட்ட ஆட்டம் முடிந்தபோது டேவிஸ் 7, ஹிக்கின்ஸ் 0.

நண்பர்களே, ஏழுக்குப் பூஜ்யம் என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். ஒரே செமஸ்டரில் ஏழு அரியர்! பேப்பர் ஒட்டிய போர்டு முன்னால் நிற்கும்போது காது அடைக்குமே, அந்த நிலை. பலர் அங்கேயே மனசால் தோற்றுவிடுவார்கள். ஹிக்கின்ஸ் திரும்பி வந்து ஒவ்வொரு ஃபிரேமாக எடுத்தார். கடைசியில் 15–15. கடைசி ஃபிரேமும் அவருக்கு. 16–15!

1984-ல் ஜிம்மி வைட்டோடு சேர்ந்து உலக இரட்டையர் பட்டம் வென்றார். அதைவிடப் பெரிதாக நான் நினைப்பது 1985, 1986, 1987 ஆகிய மூன்று ஆண்டுகளும் அயர்லாந்து அணி வென்ற உலகக் கோப்பையை. அந்தக் காலத்து வட அயர்லாந்து எப்படிப்பட்டது? கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் என்று ஊர் இரண்டாகப் பிளந்து, குண்டும் துப்பாக்கியுமாக ஆயிரக்கணக்கில் உயிர் போன காலம். அந்த நேரத்தில் பெல்ஃபாஸ்ட் புராட்டஸ்டண்ட் தெருவில் வளர்ந்த ஹிக்கின்ஸ், டைரோன் மாவட்டத்துக் கத்தோலிக்கரான டென்னிஸ் டெய்லர், தெற்கிலிருந்து யூஜின் ஹியூஸ் என்று மூன்று பேரும் ஒரே அணியாக நின்று மூன்று வருஷம் கோப்பையைத் தூக்கினார்கள். அரசியல்வாதிகளால் முடியாததை ஒரு பச்சை மேஜை செய்தது.

மேஜைக்கு வெளியே

இத்தோடு கதையை முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பாதிக் கதை சொல்வது ஏமாற்று வேலை.

1986-ல் அதே பிரெஸ்டனில், போதை மருந்துப் பரிசோதனை தொடர்பாகத் தகராறு வந்து, போட்டி அதிகாரியைத் தலையால் முட்டிவிட்டார். 12,000 பவுண்ட் அபராதம், ஐந்து போட்டிகளுக்குத் தடை. மூன்று வருஷத்துக்கு முன் ஏழுக்குப் பூஜ்யத்திலிருந்து எழுந்து வந்த அதே ஊர்!

1989-ல் ஒரு வீட்டின் மாடி ஜன்னலிலிருந்து விழுந்து கால் உடைந்தது. நொண்டிக்கொண்டே ஆட வந்தார். அயர்லாந்தின் கில்டேர் பகுதியில் கோஃப்ஸ் என்ற இடத்தில் ஐரிஷ் மாஸ்டர்ஸ் போட்டி. அது உண்மையில் பந்தயக் குதிரைகளை ஏலம் விடும் அரங்கு. ஜாக்கியாக ஆசைப்பட்ட பையனுக்குக் குதிரைச் சந்தையில் கடைசி மரியாதை காத்திருந்தது. 20 வயது ஸ்டீபன் ஹெண்ட்ரியை, 40 வயது ஹிக்கின்ஸ் 9–8 என்று ஜெயித்தார். அதுதான் அவருடைய கடைசிப் பெரிய பட்டம்.

மறு வருஷமே, 1990-ல், உலகக் கோப்பை இறுதியில் வட அயர்லாந்து அணி கனடாவிடம் தோற்றது. ஆத்திரத்தில் தன் அணித்தோழர் டென்னிஸ் டெய்லரை ஆள் வைத்துச் சுட்டுவிடுவதாக மிரட்டினார். வேறு ஊரில் இது வெறும் கோபப் பேச்சு. வட அயர்லாந்தில், அந்த வருஷங்களில், ஒரு புராட்டஸ்டண்ட் ஒரு கத்தோலிக்கரிடம் சொன்னால் அது வேறு அர்த்தம். மூன்று கோப்பை சேர்ந்து தூக்கிய தோள் அது! சில நாளில் ஐரிஷ் மாஸ்டர்ஸில் இருவரும் மோதினார்கள். டெய்லர் வாயால் பதில் சொல்லவில்லை, கியூவால் சொன்னார். 5–2.

அதே ஆண்டு உலகப் போட்டியில் முதல் சுற்றிலேயே ஸ்டீவ் ஜேம்ஸிடம் தோற்று, போகிற வழியில் ஒரு அதிகாரியின் வயிற்றில் குத்தினார். அடுத்த சீசன் முழுவதும் தடை. தரவரிசைப் புள்ளிகளும் பறிபோயின. திரும்பி வந்தபோது அடிமட்டத்திலிருந்து தகுதிச் சுற்று ஆட வேண்டியிருந்தது. 22 வயதில் தகுதிச் சுற்றிலிருந்து மேலே ஏறியவருக்கு, நாற்பது தாண்டி அதே படிக்கட்டு.

1994-ல் கடைசியாகக் குரூசிபிள் மேடை ஏறினார். டப்ளின்காரரான கென் டோஹர்ட்டியிடம் 6–10 என்று முதல் சுற்றில் தோல்வி. அந்த டோஹர்ட்டி 1997-ல் உலக சாம்பியன் ஆனார். ஹிக்கின்ஸ் தொழில்முறை ஆட்டத்திலிருந்து வெளியேறியதும் அதே 1997-தான்.

புகையும் பட்டினியும்

அன்று ஸ்னூக்கரைத் தாங்கியது சிகரெட் கம்பெனிப் பணம். உலகப் போட்டிக்கே ஒரு சிகரெட்டின் பெயர். ஆட்டக்காரர்கள் தம் முறை வரும்வரை மேஜை ஓரம் உட்கார்ந்து டி.வி. கேமரா முன்னாலேயே ஊதித் தள்ளுவார்கள். ஹிக்கின்ஸின் கையில் கியூ இல்லாத நேரம் சிகரெட் இருக்கும். 1998-ல் தொண்டைப் புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு. குரல் கரகரத்துக் கிசுகிசுப்பாக மாறியது. பற்கள் போயின. கெட்டியான உணவு சாப்பிட முடியாமல் போனது.

அவர் ஆடிச் சம்பாதித்தது 30 லட்சம் பவுண்டுக்கு மேல் இருக்கும் என்று கணக்குச் சொல்வார்கள். குதிரைப் பந்தயம், குடி, அபராதம், விவாகரத்து என்று எல்லாம் கரைந்தது. கடைசிக் காலத்தில் பெல்ஃபாஸ்டில் சின்ன ஹால்களிலும் பாரிலும் சில்லறைப் பணத்துக்கு ஆடினார். ஜாம்பாட்டில் ஆரம்பித்த இடத்துக்கே திரும்பிவிட்டார். 2010-ல் நண்பர்கள் சேர்ந்து, அவருக்குப் பல் கட்ட நிதி திரட்டினார்கள். சிகிச்சையைத் தாங்கும் தெம்பு உடம்பில் இல்லை.

2010 ஜூலை 24. பெல்ஃபாஸ்டில் முதியோருக்கான குடியிருப்பில், தன் படுக்கையில் இறந்து கிடந்தார். வயது 61. சத்துக்குறைவும் நிமோனியாவும் சேர்ந்து கொண்டுபோயின. ஒரு காலத்தில் சாம்பியன், சாப்பிட முடியாமல் செத்தார் என்றால் நம்ப முடிகிறதா?

ஆனால் பெல்ஃபாஸ்ட் மறக்கவில்லை. ஆகஸ்ட் 2-ஆம் தேதி குதிரைகள் பூட்டிய வண்டியில் அவரை ஏற்றி, புனித அன்னாள் பேராலயத்துக்குக் கொண்டு போனார்கள். வழியெங்கும் ஜனங்கள். ஜிம்மி வைட்டும் கென் டோஹர்ட்டியும் வந்திருந்தார்கள். 1982-ல் அவரிடம் தோற்றவர் ஒருவர், 1994-ல் அவரை ஜெயித்தவர் ஒருவர். குதிரை ஓட்ட ஆசைப்பட்டவரைக் கடைசியில் குதிரைகள்தான் சுமந்து சென்றன.

நமக்கு என்ன?

நண்பர்களே, இவர் கெட்டவர், இவரைப் போல் ஆகாதீர்கள் என்று சொல்லிப் பேனாவை மூடுவது சுலபம். அப்படிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஏழுக்குப் பூஜ்யத்தில் எழுந்து நின்ற அந்த மனசு நம்மில் எத்தனை பேருக்கு உண்டு? சர்ட்டிஃபிகேட் இல்லாமல், சிபாரிசு இல்லாமல், கைத்திறமையை மட்டும் நம்பி மூடிய கதவைத் திறந்தவர் அவர். பட்டயம்தானே என்று நம்மை ஓரக்கண்ணால் பார்க்கிற உலகத்தில் இந்த ஒரு பாடத்துக்காகவே அவர் படத்தை ஹாஸ்டல் சுவரில் ஒட்டலாம்.

ஆனால் அந்த 69-ஐ மறுபடி நினைத்துப் பாருங்கள். எந்த இக்கட்டில் மாட்டினாலும் ஒரு அதிசய அடி அடித்து வெளியே வந்துவிடலாம் என்ற நம்பிக்கை மேஜையில் அவரைக் காப்பாற்றியது. அதே நம்பிக்கைதான் வெளியில் அவரைக் கவிழ்த்தது. அதிகாரியை முட்டினாலும், நண்பனை மிரட்டினாலும், நெஞ்சு நிறையப் புகை இழுத்தாலும், அடுத்த அடியில் சரிபண்ணிக்கலாம் என்று இருந்துவிட்டார். ஒவ்வொன்றும் வெள்ளைப் பந்தை இன்னும் கொஞ்சம் ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. ஒரு கட்டத்தில் எந்த அடிக்கும் இடமில்லை.

கடைசி நேரத்தில் படித்துப் பாஸ் பண்ணும் கில்லாடிகள் நம் வகுப்பிலும் உண்டு. அவர்கள் திறமையைக் குறை சொல்லவில்லை. ஒரு நாள், ரெண்டு நாள் அது கைகொடுக்கும். ஆனால் நம் வாழ்க்கை கேரம் இல்லையே, ஸ்ட்ரைக்கரை எடுத்து நம் கோட்டில் வைத்துக்கொள்ள! நேற்று அடித்த அடியில் வெள்ளைப் பந்து எங்கே நின்றதோ, அங்கிருந்துதான் இன்றைய ஆட்டம்.

பந்தைப் போடுங்கள். போட்டபின் வெள்ளை எங்கே நிற்கிறது என்று ஒரு தரம் பாருங்கள்.

சூறாவளி ஹிக்கின்ஸுக்கு நம் வணக்கம்!